பாட்டி சொன்னதும் கதைதான்



தமிழில் 'கதை' என்னும் சொல்லுக்கு இருக்கும் அகலத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். துன்பத்தில் இருப்பவர், "என் கதையைக் கேளுங்கள்" என்கிறார். தாமதத்திற்குக் காரணம் கேட்டால், "அது பெரிய கதை" என்கிறோம். பொய் சொல்பவனைப் பார்த்துக் "கதை விடாதே" என்று அதட்டுகிறோம். விடை தேடச் சொல்லும் புதிருக்கும் விடுகதை என்றே பெயர். ஈழத் தமிழரிடையே 'கதைத்தல்' என்றாலே பேசுதல்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பங்களின் பெரியவர்களிடம் இந்தச் சொல்லை இங்கும் கேட்கலாம்.

இத்தனை அகலமான சொல், பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்தவுடன் ஒடுங்கிவிடுகிறது. வகுப்பறையில் கதை என்றால் அதற்கு ஒரு தொடக்கம் வேண்டும். ஒரு சிக்கல் வேண்டும். ஒரு தீர்வு வேண்டும். இறுதியில் கட்டாயம் ஒரு படிப்பினை வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், "இது கதையன்று" என்று சிவப்பு மையால் எழுதிவிடுகிறோம்.

இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கதை என்பதற்கு நாம் வைத்திருக்கும் அளவுகோல் மிகவும் சிறியது. அந்தச் சிறிய அளவுகோலால் அளப்பதால், நம் மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் கதைகளை நாமே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறோம். அப்படித் திரும்பிப் போகும் கதைகள் மீண்டும் வருவதில்லை.

பேனாவுக்கு உள்ள இடம்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர் எவரும் 'தன்கதை' எழுதாமல் இருந்திருக்க மாட்டார். 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு மிதிவண்டி', 'நான் ஒரு பள்ளிச் சீருடை'. எல்லாத் தன்கதைக்கும் ஒரே வாழ்க்கைதான். ஒரு தொழிற்சாலையில் பிறக்கும். உடன் பிறந்தோர் பலர் இருப்பர். கனவுந்தில் ஏற்றப்பட்டு ஒரு கடைக்கு வரும். ஒரு நல்ல சிறுவன் வாங்குவான். சில காலம் மகிழ்ச்சி. பிறகு உடைந்துபோய், குப்பைத் தொட்டியில் கிடந்தபடி தன் கடந்த காலத்தை எண்ணிக் கண்ணீர் விடும்.

தன்கதையைக் கேலி செய்வது என் நோக்கமன்று. தன்னை மற்றொன்றாக எண்ணிப் பார்ப்பது நல்ல பயிற்சி. நவீனத் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாகப் பலரும் குறிப்பிடும் வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' (1915) ஒரு மரம் சொல்லும் கதைதான். ஆனால் அந்த மரம் தன் பிறப்பையும் வளர்ப்பையும் விரித்துக்கொண்டிருக்கவில்லை. தன் நிழலில் விளையாடி வளர்ந்த ஒரு பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்கிறது. மரத்துக்கு வாய் கொடுத்தது, மனிதரின் துயரைச் சொல்வதற்காக.

நாமோ பேனாவுக்கு வாய் கொடுத்துவிட்டு, பேனா பிடித்திருக்கும் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டோம். தொழிற்சாலையில் பிறந்த மிதிவண்டியின் வரலாறு நமக்குக் கதை. அதே மிதிவண்டியில் பால்வாளிகளைக் கட்டிக்கொண்டு விடியற்காலை இருட்டில் நிரைக்குப் போன தாத்தாவின் வரலாறு நமக்கு வெறும் 'அனுபவம்'. இது என்ன நியாயம்?

"இது கதையன்று, அனுபவம்"

மேலே உள்ள சொல்லை நான் கற்பனையாக எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, கதை சொல்லும் போட்டி ஒன்றுக்கு நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியை அழைத்துச் சென்றிருந்தேன். அவள் தன் பாட்டியின் கதையைச் சொன்னாள்.

பாட்டிக்கு அப்போது ஏழு வயது. அம்மா பால்மரம் வெட்டப் போய்விடுவார். கைக்குழந்தையான தம்பி ஆயாக் கொட்டகையில் தங்க மாட்டான். அழுது ஊரைக் கூட்டுவான். ஆகவே அவனைப் பார்த்துக்கொள்வது ஏழு வயது அக்காளின் வேலை ஆனது. அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டப் பள்ளியின் சன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள். உள்ளே ஆசிரியர் எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, இவள் வெளியே நின்று மெல்லச் சொல்வாள். மணலில் கால்விரலால் எழுதிப் பார்ப்பாள். ஒருநாள் 'ட'கர வரிசை நடந்துகொண்டிருந்தபோது தம்பி வீறிட்டு அழுதான். ஆசிரியர் எட்டிப் பார்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். அதன் பிறகு அவள் சன்னல் பக்கம் போகவில்லை. "அதனால் எங்கள் பாட்டிக்கு 'ட' வரைக்கும்தான் தெரியும்" என்று சொல்லி அந்த மாணவி வணங்கினாள்.

நடுவர்கள் நல்லவர்கள், அவளுடைய குரலைப் பாராட்டினார்கள். ஆனால், "இது கதையன்று, அனுபவம். சிக்கல் தீரவில்லை. படிப்பினையும் தெளிவாக இல்லை" என்றார்கள். அவர்கள் கையில் இருந்த மதிப்பீட்டுத் தாளில் படிப்பினைக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்ப அவர்களால் முடியவில்லை. தனிப்பட்ட முறையில் அவர்களை நொந்துகொள்ள எனக்குக் காரணமில்லை. தவறு அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் அந்த மாணவி, "அப்படின்னா பாட்டி சொன்னது கதை இல்லையா, டீச்சர்?" என்று கேட்டாள். கதைதான் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாளே தவிர நம்பியதாகத் தெரியவில்லை. மறு ஆண்டு அவள் முயலும் சிங்கமும் கதையைச் சொல்லி இரண்டாம் பரிசு பெற்றாள். பள்ளியே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் பாட்டியைப் பற்றி அவள் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் பேசவில்லை.

பிள்ளைகள் விரைவாகக் கற்றுக்கொள்பவர்கள். எது கதை, எது கதையன்று என்பதை நாம் சொல்லிக்கொடுக்காமலே நம் மதிப்பெண்களிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள். தம் வீட்டில் கதை இல்லை என்பதையும் அவ்வாறே கற்றுக்கொள்கிறார்கள்.

நம் மரபு இவ்வளவு குறுகியதா?

படிப்பினையுடன் முடிவதே தமிழர் கதைமரபு என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று.

தொல்காப்பியத்தின் செய்யுளியலைப் பாருங்கள். பாட்டையும் உரையையும் மட்டுமன்றி, விடுகதையாகிய பிசியையும் பழமொழியாகிய முதுசொல்லையும் அங்கதத்தையும் தொல்காப்பியர் செய்யுள் வகைகளாக வைத்து எண்ணுகிறார். உரையின் வகைகளைச் சொல்லுமிடத்தில், முற்றிலும் புனைந்து சொல்லும் பொய்ம்மொழிக்கும் சிரிக்கவைக்கும் நகைமொழிக்கும் இடம் தருகிறார். நாம் பிள்ளைகளை அதட்டும் 'கதை விடுதலுக்கு' இலக்கண நூலிலேயே நாற்காலி போடப்பட்டிருக்கிறது!

அகப்பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளில் முடிந்துவிடுகின்றன. தலைவி தோழியிடம் ஒன்று சொல்கிறாள். அல்லது தோழி தலைவனிடம் ஒன்று சொல்கிறாள். முன்னே என்ன நடந்தது, பின்னே என்ன நடக்கும் என்பதைக் கேட்பவரே கட்டிக்கொள்ள வேண்டும். தலைவன் திரும்பி வந்தானா? பாடல் சொல்வதில்லை. ஒரு வாழ்க்கையின் ஒரே ஒரு கணத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. 'ட' வரைக்கும்தான் தெரியும் என்று நின்றுவிட்ட பாட்டியின் கதையும் அத்தகையதுதான்.

நம் மாணவர்கள் விரும்பிக் கேட்கும் தெனாலிராமன் கதைகளில் என்ன நீதி இருக்கிறது? நம் நாட்டு மலாய்ப் பிள்ளைகளோடு சேர்ந்து நம் பிள்ளைகளும் படிக்கும் சங் காஞ்சில் கதையில், அந்தச் சருகுமான் முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, எண்ணுவதுபோல் ஏமாற்றி, முதுகுகளின்மேல் தாவி ஆற்றைக் கடந்துவிடுகிறது. 'பொய் சொல்லலாகாது' என்னும் படிப்பினையை இதிலிருந்து எடுக்க முடியுமா? ஆயினும் இந்தக் கதைகள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. கேட்பவருக்கு அவை மகிழ்ச்சி தருகின்றன, அது போதும்.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். அதில் தனியொரு கதைத்தலைவன் இல்லை. ஒரு மக்கள் கூட்டம் ஊரைவிட்டுத் தப்பி, காடு திருத்தி, புது ஊர் கண்ட வரலாற்றை மங்கத்தாயாரம்மாள் என்னும் முதுபாட்டியே எடுத்துச் சொல்கிறார். பாட்டியின் பேச்சு அங்கே நாவலாயிற்று. கடல் கடந்து வந்து காடு திருத்திய கூட்டத்தின் பேரப்பிள்ளைகளாகிய நாம், நம் பாட்டிகளின் பேச்சைக் கதையென்று ஏற்கத் தயங்குகிறோம்.

கதையாகாதவை காணாமற் போகின்றன

'இது ஒரு சிறிய வகுப்பறைச் சிக்கல். இதற்கு இவ்வளவு நீட்டி முழக்க வேண்டுமா?' என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது.

1942, 1943ஆம் ஆண்டுகளில் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் தொடர்வண்டிப் பாதையைச் சப்பானியர் அமைத்தனர். நாம் சயாம் மரண ரயில் என்று சொல்வது இதைத்தான். நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்களின் தொகையோ, பல மதிப்பீடுகளின்படி அதைப்போலப் பல மடங்கு. காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்வீரர்கள் வரிசையாக, பெரும்பாலும் பெயர் பொறித்த கற்களின்கீழ் உறங்குகின்றனர். அப்படியொரு வரிசை நம் தொழிலாளர்களுக்கு இல்லை.

கைதிகளில் பலர் நாட்குறிப்பு எழுதினர்; ஓவியம் வரைந்து மறைத்து வைத்தனர்; ஊர் திரும்பி நூல்கள் எழுதினர். நம்மவர் லயத்துக்குத் திரும்பி வந்தனர். வந்தவர்கள் பேசினார்கள், படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னார்கள், வராதவர்களுக்காகப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். ஆனால் படிக்கட்டுப் பேச்சையும் ஒப்பாரியையும் கதையென்று மதித்து எழுதிவைக்க அன்று ஆள் மிகக் குறைவு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993இல் வந்தது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இல் வந்தது. அந்த நாவலாசிரியர்களுக்கு நாம் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் அவற்றுக்கு முன்னே கடந்துபோன அரை நூற்றாண்டில் எத்தனை பேர் தம் கதையைத் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்!

அதே நிலை இன்று தோட்ட வாழ்க்கைக்கு வந்திருக்கிறது. பெரட்டுக்கு நின்றவர்கள், மங்கு கழுவியவர்கள், ஒட்டுப்பால் சேர்த்தவர்கள், தோட்டம் துண்டாடப்பட்டபோது சாமான்களைக் கட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வந்தவர்கள் ஆகியோர் இன்று தாத்தா பாட்டிகளாக அடுக்குமாடி வீடுகளில் அமர்ந்திருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தும் நெடுங்காலம் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த அட்டை ஏன் சிவப்பாக இருந்தது என்று பேரப்பிள்ளை கேட்டால் போதும். ஒரு நூலுக்கான செய்தி அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. கேட்பதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் மீதி இருக்கின்றன?

முத்தம்மாள் பழனிசாமி இதை நமக்குச் செய்து காட்டியவர். தம் குடும்பம் கடல் கடந்து வந்த வரலாற்றை 'நாடு விட்டு நாடு' என்று எழுதினார். தாம் கேட்டு வளர்ந்த நாட்டுப்புறப் பாடல்களையும் நூலாக்கினார். தாலாட்டும் ஒப்பாரியும் குடும்ப வரலாற்றைச் சுமக்கும் கதைகள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுப்புகளுக்கு என் மறுமொழி

ஆசிரிய நண்பர்களிடம் இதைப் பேசும்போது மூன்று மறுப்புகள் எழுகின்றன.

முதலாவது: "தேர்வுக்கு இது உதவுமா?" யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2019இல் இறுதியாக நடைபெற்றது, 2021இல் அகற்றப்பட்டது. அந்தத் தேர்வுக்காகவே கட்டுரைகளை மனனம் செய்யவைத்த காலம் ஒன்று இருந்தது. தேர்வு போனபின்பும் அதற்காக உருவாக்கிய அச்சு மட்டும் நம் கையை விட்டுப் போகவில்லை. பள்ளி அளவிலான மதிப்பீடு நமக்குச் சற்றே தாராளமான இடம் தருகிறது. அந்த இடத்தைப் பயன்படுத்துவது நம் பொறுப்பு.

இரண்டாவது: "பாட்டியின் பேச்சு கொச்சையாக இருக்குமே, மாணவரின் மொழி கெட்டுவிடாதா?" கெடாது. பாட்டி பேச்சுத் தமிழில் சொல்வார்; மாணவர் அதை எழுத்துத் தமிழில் எழுதுவார். 'வெட்டப் போவாக' என்பது 'வெட்டச் செல்வார்கள்' என்று மாறும்போது அங்கே இலக்கணப் பாடம் நடக்கிறது. பாட்டியின் வாயிலிருந்து வந்த சொல்லாகவே இருக்க வேண்டியதை மேற்கோள் குறிக்குள் வைக்கவும் மாணவர் கற்றுக்கொள்கிறார். மனனம் செய்த முன்னுரையை எழுதுவதைவிட இது கடினமான மொழிப்பயிற்சி.

மூன்றாவது மறுப்பு வலுவானது. "எல்லாமே கதை என்றால், கதை என்று ஒன்று எதற்கு? மாணவன் எதையாவது கிறுக்கிவிட்டு இதுவும் கதை என்பானே?" நியாயமான கேள்வி. எல்லாமே கதை என்று நான் சொல்லவில்லை. ஒருவர் மற்றொருவருக்கு, தமக்கு முக்கியமான ஒன்றை, கேட்பவர் மனத்திலும் அது தங்கும்படி சொன்னால் அது கதை. முக்கியமான ஒன்று இல்லாவிட்டால் வெறும் தகவல். கேட்பவரை எண்ணாவிட்டால் வெறும் புலம்பல். இந்த அளவுகோல் தளர்வானதன்று. அழகான வருணனையோடு தொடங்கி, மூன்று பழமொழிகளைச் செருகி, படிப்பினையுடன் முடியும் பல கட்டுரைகள் இதில் தேறமாட்டா.

சிறுகதை வடிவத்தைக் கற்பிக்க வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு இந்த நாட்டுக்கு எழுத்தாளர்களைத் தந்தது. வடிவத்தைக் கற்றவர்கள் அதற்குள் நம் மண்ணின் வாழ்க்கையை வைத்தார்கள். நாமோ வாழ்க்கையை வெளியே நிறுத்திவிட்டு வடிவத்தை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

என் வகுப்பில் நான் செய்துபார்த்து, பயன்கண்ட மூன்றை இங்கே தருகிறேன்.

1. வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றைப் பற்றி, அதைப் பயன்படுத்தியவரிடம் கேட்டு வருதல். அரிக்கேன் விளக்கு, பித்தளைக் குடம், தாத்தாவின் கத்தி, கடவுச்சீட்டு என எதுவாகவும் இருக்கலாம். தன்கதைக்கு உரிய தலைப்பே இங்கும் பொருந்தும். ஆனால் இப்போது அந்தப் பொருளுக்கு உண்மையான ஒரு வீடும் உண்மையான ஒரு கையும் கிடைத்துவிடுகின்றன.

2. முடிவில்லாமல் நிறுத்துதல். மாணவர் கதையை எங்கே நிறுத்த விரும்புகிறாரோ அங்கே நிறுத்தலாம். மற்ற மாணவர்கள், 'பிறகு என்ன நடந்திருக்கும்?' என்று பேசுவார்கள். படிப்பினை அந்தப் பேச்சில் தானாக வெளிப்படும், வெளிப்படாவிட்டாலும் குறையில்லை.

3. வீட்டில் கேட்ட பாட்டு, பழமொழி, விடுகதை ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, 'இதை உங்களுக்கு யார் சொன்னார்? எப்போது சொன்னார்?' என்று எழுதவைத்தல். செய்யுளும் மொழியணியும் கற்பிக்கும் வேளையில் இதற்குப் பத்து நிமிடம் போதும்.

போட்டிகளை ஏற்பாடு செய்யும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மதிப்பீட்டுத் தாளில் படிப்பினைக்கு உரிய கட்டத்தை எடுத்துவிட்டு, 'கேட்பவர் மனத்தில் தங்கியதா?' என்று ஒரு கட்டம் வையுங்கள்.

ஏ.கே. இராமானுசன் தொகுத்து 1991இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைகளில் தமிழ்க் கதை ஒன்று உண்டு. ஒரு கைம்பெண்ணை மகன்கள் இருவரும் மருமகள்கள் இருவரும் வாட்டி வதைக்கிறார்கள். சொல்லி அழ ஆளில்லை. சொல்லாத துயரமெல்லாம் உள்ளே சேர்ந்து அவள் உடல் பருத்துக்கொண்டே போகிறது. ஒருநாள் ஊருக்கு வெளியே கூரையில்லாத பாழடைந்த வீடு ஒன்றுக்குள் போய், நான்கு சுவர்களிடமும் தன் துயரங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். அந்தப் பாரம் தாங்காமல் ஒவ்வொரு சுவராக இடிந்து விழுகிறது. அவள் மனமும் உடலும் இலேசாகி வீடு திரும்புகிறாள்.

நம் பாட்டிகளைச் சுவரிடம் பேசவிட வேண்டா. கேட்பதற்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுதுவதற்கு அவர்களிடம் பேனா இருக்கிறது. இந்த வாரம் உங்கள் மாணவர்களிடமோ பிள்ளைகளிடமோ ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புங்கள்: "பாட்டி, நீங்கள் எதுவரை படித்தீர்கள்? ஏன் நின்றீர்கள்?" அவர்கள் கொண்டுவருவதைத் திருத்துவதற்கு முன்பு, ஒருமுறை முழுவதுமாகக் கேளுங்கள்.